எல்-1 மகாத்மியம்

நாஞ்சில் நாட்டில் சுத்திகரிப்புத் தொழில் என்று தொடங்கியது என அறிய விரும்புகிறவர் மாநகராட்சி ஆபீசில் ஃபைல் தேட வேண்டாம். சுசீந்திரத்துக்கு ஒரு டவுன் பஸ் பிடித்தால் போதும். கௌதமர் வீட்டில் செய்யக் கூடாத காரியத்தைச் செய்து, வாங்கக் கூடாத சாபத்தை வாங்கி, வெளியே தலைகாட்ட முடியாமல் அலைந்த தேவேந்திரன் கடைசியில் சுத்தியானது இந்த ஊரில்தான் என்கிறது தலபுராணம். வேலையை எடுத்தவர் தாணுமாலயன். சிவன், விஷ்ணு, பிரம்மா என மூவரும் ஒரே மூர்த்தம். காண்ட்ராக்டர்கள் பாஷையில் சொன்னால் மூன்று கம்பெனி சேர்ந்த ஜாயிண்ட் வெஞ்சர். ஒரு கம்பெனிக்குக் கட்டுவதில் முன்னனுபவம், ஒன்றுக்குப் பராமரிப்பதில், ஒன்றுக்கு இடிப்பதில். இதற்கு ஈடான அனுபவச் சான்றிதழை இன்றுவரை எவரும் எந்த டெண்டரிலும் இணைத்ததில்லை.

டெண்டர் விட்டார்களா என்றால், இல்லை. நேரடி நியமனம். அதில் தப்புமில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல்தான் வந்தது. அதிலும் 16-ஆம் பிரிவு, சரக்கு ஒரே ஒருவரிடம்தான் கிடைக்கும் என்றால் டெண்டர் இல்லாமல் வாங்கிக்கொள்ள வழிவிடுகிறது. பாவம் போக்கும் சரக்கு வேறு கடையில் கிடைக்காது என்று தேவலோகத்து ஆடிட்டர் எழுதிவைத்திருப்பார். இதில் மெச்ச வேண்டியது பராமரிப்பு ஏற்பாட்டை. இன்றும் இரவில் அர்த்தஜாம பூஜையை இந்திரனே வந்து செய்துவிட்டுப் போகிறான் என்பது ஐதீகம். வேலை கொடுத்தவனே தினமும் நேரில் வந்து நிலையத்தைப் பார்த்துவிட்டுப் போகிற ஒரே சுத்திகரிப்பு ஒப்பந்தம், எனக்குத் தெரிந்து, இதுதான்.

இப்போது அதே சுசீந்திரத்தை ஒட்டி ஓடும் பழையாறு, மலையடிவாரத்தில் கண்ணாடி மாதிரிப் புறப்பட்டு, பூதப்பாண்டி தாண்டி, ஒழுகினசேரியில் நாகர்கோவிலின் சீதனத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடல் சேர்கிறது. இந்திரன் இன்றைக்கு ஆற்றுப்பக்கம் வந்தால் சாபமே தேவலை என்று திரும்பிப் போவான்.

சுசீந்திரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளை இங்கே கொண்டுவந்து, கொதிக்கிற நெய்க்குள் கைவிடச் சொல்வார்கள். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. கைமுக்கு என்று பெயர். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் இதை நிறுத்திவிட்டார். மனிதாபிமானப்படி நல்ல முடிவு; நிர்வாகப்படி யோசித்தால் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாரோ என்று தோன்றுகிறது. நம்பூதிரிகளோடு நிறுத்தாமல், குழாய் ஆறடி ஆழத்தில் போட்டேன் என்று எம்.புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவர்களுக்கும், அளந்து பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் விரித்திருந்தால், முன்தகுதித் தேர்வு அரை மணியில் முடிந்திருக்கும். என்ன, மாவட்டத்தில் நெய் விலை ஏறியிருக்கும்.

அதே திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா காண்ட்ராக்டர் பிடித்த முறை வேறு. அவர் கவர் பிரித்துப் பார்க்கிற ஆளில்லை. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர்களோடு சண்டை. ஜெயித்ததும் பிடிபட்டவர்களில் டிலனாய் என்றொருவர் இருந்தார். வேறு ராஜாவாக இருந்தால் கழுவில் ஏற்றியிருப்பார், அல்லது காசு வாங்கிக்கொண்டு விட்டிருப்பார். நம் ராஜா, உமக்கு என்னென்ன வேலை தெரியும் என்று விசாரித்தார். படைக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும், கோட்டை கட்டத் தெரியும். சரி, கட்டும். இதுதான் ஒர்க் ஆர்டர். டேவணித்தொகையாக அந்த மனிதர் கட்டியது சொந்தத் தலையை. வேலை மோசமென்றால் டெபாசிட்டைப் பறிமுதல் செய்வது ராஜாவுக்குச் சுலபம். கோர்ட்டில் ஸ்டே வாங்க முடியாது.

உதயகிரிக் கோட்டையும் வட்டக்கோட்டையும் அப்படிப் புதுப்பித்துப் பலப்படுத்தப்பட்டவை. டிலனாய் வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், ஆனார், முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே வேலை பார்த்தார், 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே சமாதி. கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கிறது.

அடுத்த ஆள் மிஞ்சின். 1897-இல் மூலம் திருநாள் காலத்தில் கோதையாற்றுக்குக் குறுக்கே பேச்சிப்பாறை அணை தொடங்கி 1906-இல் முடிந்தது. காட்டு யானை, மலேரியா, அட்டை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி முடித்தவர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார இஞ்சினியர். ஜனங்களுக்கு அவ்வளவு நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. மூக்கைப் பார்த்தார்கள், மூக்கன் துரை என்றார்கள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்த மனுஷனுக்கு நாஞ்சில் நாடு கொடுத்த விருது அது. அவருக்கும் அணைக்குப் பக்கத்திலேயே சமாதி.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சங்கதி பிடிபடும். திருவிதாங்கூரில் வேலை எடுத்தவர்கள் வேலை நடந்த இடத்திலேயே அடங்கியிருக்கிறார்கள். இன்றைய ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒரு ஷரத்து இருக்கும். இத்தனை காலத்துக்குள் விரிசல் விட்டால் காண்ட்ராக்டரே சரிசெய்து தர வேண்டும். டிலனாய்க்கும் மிஞ்சினுக்கும் அது மறுமை வரை ஓடுகிறது. இப்போதெல்லாம் கடைசி பில் பாஸானதும் ஆள் அம்பேல். கோயம்புத்தூரில் இருக்கிறார் என்பார்கள், விசாரித்தால் துபாய்.

இதில் ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். கோட்டைக்கு ஆள் பிடித்தார்கள், அணைக்கு ஆள் பிடித்தார்கள், குடிதண்ணீருக்குப் பிடித்தார்கள். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகும் வழிக்கு எந்த ராஜாவும் ஆள் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய தேவை இருந்ததாக யாரும் நினைக்கவில்லை. அந்த வேலைக்கு டெண்டர் இல்லாமல், கூலி என்று சொல்லத்தக்க கூலி இல்லாமல், ஒரு சாதியை நிரந்தர ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருந்தார்கள். வாளியும் வண்டியும் அவர்கள் தலையில். தகழியின் மலையாள நாவலான ‘தோட்டியின் மக’னைத் தமிழுக்குக் கொண்டுவந்த சுந்தர ராமசாமி நாகர்கோவில்காரர் என்பது தற்செயலாக இருக்கலாம்; ஆனால் அந்த நாவல் அதன் கதை நடக்கும் ஆலப்புழைக்கு மட்டும் உரியதென்று நம் ஊரில் யாரும் சொல்லிவிட முடியாது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க முதல் சட்டம் 1993-இல் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொன்று. சாக்கடைக்குள் ஆள் இறங்கிச் சாவது இன்னும் பத்திரிகையில் வருகிறது. இந்தப் பத்தியில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே போவோம்.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா என்றால் அதுவுமில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் லண்டன் பார்லிமெண்ட் ஆட்டம் கண்டது. திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் முக்கித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. நாற்றம் ஏழை வீட்டிலிருந்து எம்.பி. மூக்குக்கு வந்ததும் பணம் ஒதுக்கப்பட்டது. இந்த விதி எல்லாத் தேசத்துக்கும் பொது. பேசல்ஜெட் என்ற இஞ்சினியர் திட்டம் போட்டார். பலருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார்கள். பேசல்ஜெட் யாரையும் நம்பவில்லை. அன்றைக்குப் புதுச்சரக்கான போர்ட்லண்ட் சிமெண்டைத் தொகுதி தொகுதியாகச் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். குழாய் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. வேலை கொடுத்த வாரியம் நிற்கவில்லை. ஊழல் நாற்றம் தேம்ஸை மிஞ்சி, 1889-இல் அதையே கலைத்தார்கள். சிமெண்டைச் சோதித்த மாதிரி மெம்பர்களையும் சோதித்திருக்கலாம்.

மெம்பர்களைச் சோதிப்பதில் நம்மவர்கள் கெட்டி. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 921-ஆம் வருஷம். ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்க வேண்டும். ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. பள்ளிக்கூடத்தில் அழுத்திச் சொல்லாதது, குடத்துக்குள் ஓலை போவதற்கு முன்னால் நடந்த வடிகட்டல். கால்வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஊரில் பாதிக்கு மேல் ஆட்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அந்தக் காலத்து ஜனநாயகத்தின் அகலம் அவ்வளவுதான். கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது.

இதற்கு மேல் வருகிறது தங்க ஷரத்து. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் போகாது. அவன் பெயர் மட்டுமில்லை: அவன் பெரியம்மை மகன், சித்தி மகன், அத்தை மகன், மாமன் மகன், மைத்துனன், மருமகன், மாமனார் என்று உறவுமுறை ஒவ்வொன்றையும் கல்லில் வெட்டி அடைத்திருக்கிறார்கள். கறுப்புப் பட்டியலில் விழுந்த காண்ட்ராக்டர் மச்சான் பேரில் புதுக் கம்பெனி தொடங்கி, அதே லாரியில் அதே மண்வெட்டியோடு மறுநாள் வந்து நிற்கும் தந்திரத்தை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எதிர்பார்த்து, ஓட்டையை அடைத்த மகான்கள். எதிர்பார்த்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. பட்டிருக்கிறார்கள். படாதவனுக்கு இத்தனை உறவுமுறை ஞாபகம் வராது.

இனி நம் காலம். இப்போது கம்ப்யூட்டரில் டெண்டர் போடுகிறார்கள்; பெட்டி யுகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். ஆபீஸ் வராந்தாவில் சீல் வைத்த தகரப் பெட்டி. மத்தியானம் மூன்று மணிக்கு மூடுவார்கள். இரண்டு மணிக்கே வாசலில் நான்கு அம்பாசிடர் கார்கள், அவற்றில் சாய்ந்தபடி வெற்றிலை போடும் பத்துப் பதினைந்து பேர். வெளியூர்க் காண்ட்ராக்டர் ஒருவர் கவரோடு படியேறினால், அண்ணே ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாமே என்று அன்போடு தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் சாயா குடித்து முடிக்கும்போது மணி மூன்றே கால் ஆகியிருக்கும். உள்ளூர் ஆட்கள் ஏற்கெனவே லாட்ஜில் பேசி முடித்திருப்பார்கள். ஒருவர் தொகை குறைவாக, மற்ற மூவர் துணைக்கு நூல் பிடித்தாற்போல் கூடுதலாக. போட்டி நடந்ததற்கு அத்தாட்சி வேண்டாமா? அந்த மூன்று டம்மி கவரும்தான் அத்தாட்சி.

பல பெட்டிகளைத் திறந்து பார்த்த ஓவர்சியர் அண்ணாச்சி ஒருவரை எனக்குத் தெரியும். ரிட்டயராகிவிட்டார், எந்த இலாகா என்று சொன்னால் வீட்டுக்கு வந்து ஏசுவார். அவர் எல்-1 என்பதற்குக் கொடுத்த விளக்கம் இது: “கேளும் ஓய். தொகை கொறச்சுப் போட்டவன் எல்-1. ஜெயிக்கது அவன். வேல எடுக்கது அவனுக்க சப் காண்ட்ராக்டர். வேல செய்யது அந்த சப் காண்ட்ராக்டருக்க மேஸ்திரி. மேஸ்திரி கையில வந்து சேரும்போ நூறு ரூவா அறுவது ரூவாயா இருக்கும். அறுவது ரூவாய்க்கு அறுவது ரூவா வேலதானவே நடக்கும்? அதுல என்ன அக்கிரமம் இருக்கு?” அக்கிரமம் ஒன்றுமில்லை அண்ணாச்சி, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

சட்டத்தையும் குறை சொல்ல முடியாது. இரண்டு உறை முறை வந்தது. முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் தொகை. முதல் உறையில் தேறாதவருடைய இரண்டாவது உறையைப் பிரிக்கவே கூடாது. பார்த்தால் உத்திரமேரூர்க் குடம்தான், மாமன் மகன் ஷரத்தை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

இப்படியெல்லாம் இருக்கும் தமிழ்நாட்டில் சாக்கடைக்குச் சரியாக ஆள் பிடித்த ஊர் ஒன்று உண்டென்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆலந்தூர். இப்போது சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது; அப்போது தனி நகராட்சி. 1996-இல் தலைவராக வந்த ஆர்.எஸ். பாரதி பாதாள சாக்கடை கொண்டுவருவேன் என்று கிளம்பினார். கையில் காசில்லை. திட்டத்துக்கு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். அவர் செய்த காரியம், தேர்தலில் நிற்கிற எந்த மனுஷனும் செய்யத் துணியாதது. ஓட்டு வாங்கிய வீடுகளுக்கே போய், சாக்கடைக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுங்கள் என்று கேட்டார். கடைக்குப் பத்தாயிரம். குழாய் ஒரு முழம்கூட வரவில்லை, தோண்டவே இல்லை, இன்னும் காண்ட்ராக்டர் யாரென்றே முடிவாகவில்லை. இந்த நிலையில் பணம்! கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். வாங்கிய பணத்தை நகராட்சியின் பொதுப் பானையில் கொட்டாமல் தனிக் கணக்கில் வைத்தார்கள்.

இதன் பலன் வசூலோடு முடியவில்லை. ஐயாயிரம் கொடுத்தவன் தெருவில் சும்மா நடக்க மாட்டான். குழி தோண்டினால் எட்டிப் பார்ப்பான். ஏன் நேற்று வேலை நடக்கவில்லை என்று கேட்பான். மேஸ்திரிக்கு மோர் கொடுத்துவிட்டு, என்ன சிமெண்ட் என்று மூட்டையைப் புரட்டுவான். பேசல்ஜெட்டுக்குச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஆலந்தூரில் வாசலுக்கு ஒரு பேசல்ஜெட், அதுவும் அவரே காசு கொடுத்துச் சேர்ந்தவர்.

ஒப்பந்தத்திலும் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். குழாய் பதிக்கும் வேலைக்கு வழக்கம்போல அளவுக்கு இத்தனை என்று கூலி. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அப்படியில்லை: நீயே உன் பணத்தைப் போட்டுக் கட்டு, 14 வருஷம் நீயே நடத்து, சுத்தம் செய்த தண்ணீருக்குத் தக்கபடி வாங்கிக்கொள், பிறகு எங்களிடம் ஒப்படை. கம்பெனிக்காரர்களுக்கு ஒரு நியாயமான பயம் வந்தது. நான் நிலையம் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் இணைப்பு வாங்காமல், சாக்கடையே வராமல் போனால் என் கதி? உலகத்திலேயே சாக்கடை வரவில்லையே என்று கவலைப்பட்ட முதல் கூட்டம் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு தருகிறோம் என்று நகராட்சி எழுதிக்கொடுத்தது. ஐதராபாத் ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனம், வா டெக் வாபாக் தொழில்நுட்பத்துணையோடு, இரண்டு வேலையையும் எடுத்தது. பெருங்குடியில் முதல் கட்டமாகத் தினம் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. பணம் தந்தது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் ஜனங்களும். ஒப்பந்த வாசகம் எழுத அமெரிக்க உதவித் திட்டக்காரர்கள் கூட இருந்தார்கள். இதைப் பாடமாக வைத்து உலகமெங்கும் கட்டுரை எழுதினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அவற்றைப் படிக்கவில்லை. இது இயல்புதான்.

நாகர்கோவில் கதைக்கு வருகிறேன். 2013 வாக்கில் பாதாள சாக்கடைக்காகத் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். தார் ரோடு மண் ரோடாயிற்று, மண் ரோடு மழையில் உழவுக்குத் தயாரான வயலாயிற்று. நாஞ்சில் நாட்டில் நெல் வயல் குறைந்துபோச்சு என்று அழுகிறவர்கள் அந்த நாட்களில் நாகர்கோவில் தெருக்களைப் பார்த்திருந்தால் ஆறுதல் அடைந்திருப்பார்கள். திட்டம் தொடங்கும்போது நகராட்சி. குழாய் முழுசாகப் போட்டுத் தீருமுன் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. பிள்ளைக்குத் தைத்த சட்டை பொத்தான் வைப்பதற்குள் சின்னதாகிப்போன கதை. சுத்திகரிப்பு நிலையத்துக்கு வலம்புரிவிளை. ஊர்க் குப்பையெல்லாம் ஏற்கெனவே போய்ச் சேருகிற இடம்; சாக்கடையும் அங்கேயே போகட்டும், தனியாக இன்னொரு ஊரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்ற நல்லெண்ணமாக இருக்கும்.

எல்-1 யாரென்பதை வைத்து மட்டும் இந்தத் தாமதத்தை விளக்கிவிட முடியாது என்பது என் கட்சி. குறுகிய தெரு, பாறை, பழைய தண்ணீர்க் குழாய், மழை, நிலம் கொடுக்க மறுப்பு, இலாகாவுக்கு இலாகா அனுமதி என்று ஆயிரம் உண்டு. அவற்றையெல்லாம் டெண்டர் விடுவதற்கு முன்னால் யோசிக்காமல், வேலை நடக்கும்போது ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதுதான் நமது ஆராய்ச்சி முறை. காண்ட்ராக்டருக்கு இது கெட்ட செய்தியில்லை. பாறை வந்தால் கூடுதல் ரேட். காலம் நீண்டால் விலை ஏற்றத்துக்கு மனு. குறைத்துப் போட்டு ஜெயித்ததை இப்படித்தான் திரும்ப எடுப்பார்கள்.

அடுத்து வரப்போவது தரம் உயர்த்தும் வேலை. இது நாகர்கோவிலுக்கு மட்டுமில்லை, நாடு முழுக்க வருவது. கழிவுநீரை அளக்க பி.ஓ.டி. என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயு கேட்கும் என்பதன் அளவு. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று நம்பிப் பல நிலையங்களைக் கட்டினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் பத்துக்குள் கொண்டுவா என்றது. ஆகவே பழையதைப் புதுப்பிக்க டெண்டர் மேல் டெண்டர் வரும். கம்பெனிகள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து எஸ்.பி.ஆர். என்பார்கள், எம்.பி.பி.ஆர். என்பார்கள், எம்.பி.ஆர். என்பார்கள். கவுன்சிலர்கள் இதில் எந்த எழுத்து நம் ராசிக்குச் சேரும் என்று பார்ப்பார்கள்.

உள்ளே நடக்கிற காரியம் ஒன்றுதான். துணி, பிளாஸ்டிக், மண்ணைப் பிரித்துவிட்டுத் தொட்டியில் காற்று ஊதுவார்கள். பாக்டீரியா அழுக்கைத் தின்னும், தின்று பெருத்துக் கீழே படியும், மேலே தெளிந்த நீரைக் கிருமி நீக்கி வெளியே விடுவார்கள். ஆக மொத்தம் உண்மையான காண்ட்ராக்டர் பாக்டீரியாதான். டேவணித்தொகை கட்டாமல், கமிஷன் கேட்காமல், இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்கிற ஒரே பார்ட்டி. அதற்குத் தேவை காற்று மட்டும். அந்தக் காற்றுக்குத்தான் கரண்ட் பில். ஒரு நிலையத்தின் மின்செலவில் ஏறக்குறைய பாதி இந்தக் காற்றூதும் வேலைக்கே போகும். கட்டுமானச் செலவை மட்டும் பார்த்து எல்-1-ஐ எடுத்தால், அவர் மலிவான ஊதுகுழலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பதினைந்து வருஷம் அதற்கு மின்சாரத் தீனி போடுவது நகராட்சி. பில் கட்ட முடியாத மாதத்தில் ஊதுகுழலை நிறுத்துவார்கள். பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். உள்ளே வந்த சாக்கடை அப்படியே, ஆனால் கோடி ரூபாய்க் கட்டடத்துக்குள் சுற்றுலா போய்விட்டு, ஆற்றுக்குப் போகும்.

கங்கைக்கரையில் இதைப் பட்டுத் தெளிந்தார்கள். 2017-இல் ஹரித்துவாரிலும் வாரணாசியிலும் புது மாதிரி ஒப்பந்தம்: கட்டும்போது செலவில் 40 சதவீதம் மட்டும் கொடுப்பது, மீதி 60 சதவீதத்தை 15 வருஷம் நடத்தும் காலத்தில், தண்ணீர் தரமாக வெளியேறினால் மட்டும், தவணையாகக் கொடுப்பது. காண்ட்ராக்டரின் மீதிப் பணம் பதினைந்து வருஷம் நம் கையில். டிலனாய் தலையை வாங்கிவைத்த ராஜாவுக்கு இது புரிந்திருக்கும்.

ஆகவே ஐயா, அம்மா, நாகர்கோவில்காரர்களே: அடுத்த டெண்டர் வரும்போது யார் எல்-1, எந்தக் கட்சிக்காரருக்கு மச்சான் என்று சாயாக்கடையில் பேசி நேரத்தைப் போக்க வேண்டாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு ஒப்பந்த நகலை வாங்குங்கள். முன்பக்கத்திலுள்ள கோடிகளை விடுங்கள், அது அடிக்கல் நாட்டு விழாவுக்கு. பின்னாலிருந்து படியுங்கள். பராமரிப்பு எத்தனை வருஷம், கரண்ட் பில் யார் தலையில், தண்ணீரைச் சோதிக்கிற ஆள் யார், தரம் தவறினால் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தப் பக்கங்கள் காலியாக இருந்தால், இன்னொரு மனுப் போடுங்கள். அதற்கும் பத்து ரூபாய்தான்.